கரையில் நின்றுபோன ஃபைல்

புரோகிராம் எழுதிப் பிழைக்கிற ஆட்களுக்கு எழுதுகிறது பாதி வேலைதான். எழுதியதை ஒழுங்காய்ச் சேர்க்கிறது மற்றப் பாதி, அந்த மற்றப் பாதியில்தான் நாங்கள் எல்லோரும் அடி வாங்குகிறது. நீங்களும் இதே தொழில் என்றால் இதை நான் சொல்லத் தேவையில்லை, இப்போதே தலையைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள். வேறு தொழில் என்றால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

ஒரு புரோகிராம் என்பது ஒரு கட்டு ஃபைல்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதினால் எல்லோருடைய ஃபைலும் ஒரு பொது இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த இடத்துக்கு ரிப்போ என்று பேர். அதைக் காவல் காக்கிறவருக்குக் கிட் என்று பேர். கிட்டுக்கு ஞாபகசக்தி அபாரம். ஆனால் ஒரு குணம்: புதிதாய் நீங்கள் ஒரு ஃபைல் செய்தால் தானாய் எடுக்கமாட்டார். 'இதைச் சேர்' என்று சொல்ல வேண்டும். சொல்லுவதற்குப் பல வழி இருக்கிறது. வில்லங்கமும் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஒஃபிஸ் திருகோணமலைத் துறைமுகப் பக்கம், வலையும் படகு எஞ்சின் சாமானும் விற்கிற கடைக்கு மேல்மாடியில். மொத்தம் மூன்று பேர். ஒஃபிஸைத் தொடங்கினவ தர்ஷினி அக்கா. தம்பலகாமத்திலிருந்து ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வருவா. சுதன் அண்ணை திரியாய்க்காரர். அவருடைய விரல் முதலில் ஓடும், கண் பின்னால் ஆறுதலாய் வந்து சேரும். நான் ஈச்சிலம்பற்று, கடைசியாய்ச் சேர்ந்தவன், பக்கத்துக் கதிரைக்கும் கேட்காத சத்தத்தில் கதைப்பவன் என்று பேர் வாங்கினவன். எங்களுக்குச் சோறு போடுகிறவர் கிண்ணியா ஹனீபா நானா. திமிங்கிலம் பார்க்க ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப் போகிற மூன்று படகு அவருக்கு. எந்தப் படகில் யார் யார் என்று பேர்ப் பட்டியல் காட்டாமல் ஒரு படகும் கரையை விட்டு வெளிக்கிட ஏலாது. அந்தப் பட்டியலைச் செய்கிற புரோகிராம் எங்களுடையது.

ஒரு புள்ளி

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. சின்னத் திருத்தம் ஒன்று செய்துவிட்டு, எப்படிச் சேர்ப்பது என்று சுதன் அண்ணையிடம் கேட்டேன். அவர் தன் திரையை விட்டுத் திரும்பவில்லை. "கிட் அட் எண்டு அடி. ஒரு இடைவெளி விடு. ஒரு புள்ளி வை. எல்லாம் ஏறும்" என்றார். அந்தப் புள்ளிக்கு 'இந்த ஃபோல்டருக்குள் கிடக்கிற அவ்வளவும்' என்று அர்த்தம். வைத்தேன். சொன்னபடியே எல்லாம் ஏறியது.

முதல்நாள் இரவுதான் மச்சாளின் கலியாணப் படங்களை ஃபோனிலிருந்து லப்டொப்புக்கு இறக்கி, இடம் பார்க்காமல் அதே ஃபோல்டருக்குள் விட்டிருந்தேன். தாலி கட்டினது, பந்தி வைத்தது, பெரியப்பா பாயாசம் குடிக்கையில் கண்ணை மூடினது, ஒன்றும் மிச்சமில்லை. ஒஃபிஸ் இன்டர்நெட் அதை ஏற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. மற்ற இரண்டு பேரும் அன்றைய வேலையைத் தங்கள் மெசினுக்கு எடுத்தபோது கலியாணவீடும் கூடவே வந்து இறங்கியது. தர்ஷினி அக்கா ஏசவில்லை. கன்னத்தில் கை வைத்தபடி ஒவ்வொரு படமாய்ப் பார்த்து முடித்தா. பிறகு சொன்னா: "மச்சாள் நல்ல வடிவுதான். ஆனா ஹனீபா நானாட படகில அவவுக்கு என்ன வேலை எண்டு சொல்லும் பாப்பம்."

ஏறினது இறங்காது

அழித்தால் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். அழித்தேன். ஆனால் கிட் பழைய நாட்களையும் பத்திரமாய் வைத்திருப்பார். அன்றைக்கு என்ன இருந்தது என்று எப்போதும் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். அந்தப் பழைய நாளையே திருத்த வழி உண்டு. அதற்கு மூன்று பேரும் வேலையை நிற்பாட்டி, எல்லாவற்றையும் புதிதாய் இறக்க வேண்டும். பெரியப்பாவின் பாயாசத்துக்காக அவ்வளவு பாடுபட அக்காவுக்கு மனமில்லை. 'கிடக்கட்டும்' என்று விட்டுவிட்டா.

ஒரு வருசம் போய், மச்சாளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஒஃபிஸுக்கு இனிப்புக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுதன் அண்ணை இரண்டை எடுத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பிள்ளையும் பிறந்திட்டுது. எங்கட ரிப்போவில அவ இன்னும் மணவறையால எழும்பேல்லை."

ரெண்டு கோழி, ஒண்டு மீன்

இதில் நான் மட்டும் குற்றவாளி என்று நினைக்க வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லுகிற பொறுப்பு சுதன் அண்ணையுடையது. ஆருக்கு என்ன என்று எழுத ஒரு ஃபைல் வைத்திருந்தார். அதற்கு அவர் இட்ட பேர் 'ஆக்கள்'. அது கிடந்த இடமும் அதே ஃபோல்டர். வெள்ளிக்கிழமை என்றால் மூன்று மரக்கறி என்று இருக்கும். வியாழன் என்றால் ஆளுக்கொரு ஆசை.

ஒரு வியாழன் பின்னேரம் அவசரத்தில் அவரும் புள்ளி வைத்தார். 'ஆக்கள்' ரிப்போவில் ஏறி, அங்கிருந்து நானாவின் படகுகள் வந்து கட்டுகிற ஜெட்டியில் இருக்கிற கொம்பியூட்டருக்கும் போய்விட்டது. பேரைப் பார்த்தால் பயணிகள் பட்டியல் மாதிரித்தானே? நானா திறந்து பார்த்துவிட்டு ஃபோன் எடுத்தார். நான்தான் அகப்பட்டேன். அவர் ஆறுதலாய், ஒரு சந்தேகம் கேட்கிறவர்போல் கேட்டார்: "தம்பி, வியாழக்கிழமை ரெண்டு கோழி, ஒண்டு மீன் எண்டு போட்டிருக்கு. அதுகளுக்கு லைஃப் ஜக்கெட் போட்டுத்தானே ஏத்தின?"

பேர் சொல்லிச் சேர்த்தது

அன்றோடு புள்ளிக்குத் தடை. 'புள்ளி வைக்கக்கூடாது' என்று எழுதி அக்கா சுவரில் ஒட்டினா. நான் சூடு கண்டவன், அடுத்த நாளே மற்ற வழிக்கு மாறினேன்: ஒவ்வொரு ஃபைலாய்ப் பேர் சொல்லிச் சேர்ப்பது. மெத்தப் பாதுகாப்பான வழி. ஒரேயொரு குறை, பேர் மறக்கக்கூடாது.

நாலு புது ஃபைல் செய்து மூன்றின் பேரைச் சொல்லியிருக்கிறேன். நாலாவது என் மெசினில் பேசாமல் கிடந்தது. அதனால் என்னுடையதில் எல்லாம் திறமாய் ஓடுகிறது, சுதன் அண்ணையுடையதில் திறக்கவே இல்லை. "எனக்கு ஓடுது அண்ணை" என்றேன். இந்த வசனத்தை வாழ்க்கையில் ஒருமுறையாவது சொல்லாதவர் எங்கள் தொழிலில் இருந்தால் கையைத் தூக்கட்டும். சுதன் அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீ உன்ர லப்டொப்பைக் கழுத்தில கொழுவிக்கொண்டு நானாட ஜெட்டியில போய் நில்லு. அங்கயும் ஓடும்."

மூன்று கதிரை

திமிங்கில சீசன் தொடங்க முன்னம் நானா மாடிப்படி ஏறி நேரில் வந்தார். கதிரை இழுத்துப் போட்டோம், இருக்கவில்லை. போன சீசன் முடிவில் புரோகிராம் இரண்டு தரம் நின்றுபோனது, அதுக்குள்ளே இந்தக் கோழி மீன் கதை வேறு. கொழும்பில் ஒரு கொம்பனி அவரோடு கதைத்திருக்கிறது. "நான் உங்கள விட்டுப் போக ஆசைப்படல்ல பிள்ள" என்றார் அக்காவிடம். மூன்று படகுக்கும் தனித்தனியாய்ப் பட்டியல் அச்சடித்து வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறத்தில். சீசன் முதல் நாள் காலமை அது வந்தால் எங்களோடு. வராவிட்டால் அன்று பின்னேரமே கொழும்பு.

அவர் பிளேன்ரீயைக் குடித்து முடித்துப் போனார். நானாவைப் பார்த்துத்தான் மற்றப் படகுக்காரரும் எங்களிடம் வந்தவர்கள். அவர் போனால் அவர்களும் போவார்கள். கடைசியாய்ச் சேர்ந்தவன் யார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். அக்கா என் பக்கம் பார்க்காமல், வெற்றுக் கோப்பையைப் பார்த்துச் சொன்னா: "நானா போனா, இதில ஒரு கதிரையை நான் மடிச்சு வைக்க வேண்டி வரும்."

கேள்வி கேட்கிற வழி

அக்காவுக்கென்று ஒரு வழி இருந்தது. கிட்டிடம் சொன்னால் அவர் மாற்றங்களைத் துண்டு துண்டாய் எடுத்துக் காட்டி, 'இதைச் சேர்க்கவா?' என்று ஒவ்வொன்றாய்க் கேட்பார். நாங்கள் ஓம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். "இனி எல்லாரும் இப்பிடித்தான்" என்றா அக்கா.

முதலில் என் வேலையை வைத்துப் பழக்கிக் காட்டினா. மூன்று பேரும் ஒரு திரைக்கு முன்னால். ஐந்தாவது துண்டில் என் மானம் போனது. பரீட்சித்துப் பார்க்க நான் போட்டிருந்த பொய்ப் பயணி ஒருவர் வந்து நின்றார்: 'பெயர் சுதன், லைஃப் ஜக்கெட் இரண்டு.' அழிக்க மறந்திருந்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டா. நான் கதிரைக்குள் ஒடுங்கினேன். சுதன் அண்ணை தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னார்: "ரெண்டு ஏன்ரா? நான் ஒண்டுமில்லாமலே மிதப்பன்."

எப்பவும் சிவப்பு

சீசனுக்கு முதல்நாள் பின்னேரம். பட்டியலை அச்சடிக்கிற பகுதியைச் சுதன் அண்ணை ஒரு புது ஃபைலாய் எழுதி முடித்திருந்தார், பழைய ஃபைல்களிலும் அங்கங்கே கை வைத்திருந்தார். அவருக்கு அடுத்த நாள் லீவு, திரியாய் பஸ்ஸுக்கு நேரமாகிறது. என்றாலும் மனுசன் அன்றைக்குப் புள்ளி வைக்கவில்லை. அக்கா சொன்ன வழியில் உட்கார்ந்து, கிட் கேட்ட இருபத்துமூன்று கேள்விக்கும் பொறுமையாய் ஓம் ஓம் என்று பதில் சொன்னார். அவரை அவ்வளவு ஒழுங்காய் நான் கண்டதே இல்லை.

முடிவில் திரையில் ஒரு பட்டியல் வந்தது. சேராமல் வெளியே நிற்கிற ஃபைல்களைக் கிட் சிவப்பு எழுத்தில் காட்டுவார். எங்கள் பட்டியல் நீளம்: ரிப்போவிலிருந்து வெளியே எடுத்த சாப்பாட்டு ஃபைல், 'புதுசு', 'புதுசு கடைசி', 'கடைசிக்குக் கடைசி', இன்னும் என்னென்னவோ குப்பை. அதற்கு நடுவில், அச்சடிக்கிற அந்தப் புது ஃபைலின் பேர் மாதிரி ஒன்றும் சிவப்பாய் நின்றது. "அண்ணை, அந்தச் சிவப்பு..." என்றேன். என் சத்தத்தை ஃபேன் கொண்டுபோய்விட்டது. இன்னொருமுறை சொன்னேன். பையைத் தோளில் போட்டபடி, அன்பாய் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். போகும்போது சொன்னது: "அது எப்பவும் சிவப்புத்தானேடா."

திமிங்கிலம் காத்து நிற்காது

அன்று மாலையே ரிப்போவிலிருந்து எடுத்து நானாவின் ஜெட்டிக் கொம்பியூட்டரில் போட்டது நான். திறந்தது, பேர் அடித்தால் ஏறியது. அச்சடிக்கிற மெசின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்ததால் அதை மட்டும் பார்க்கவில்லை. விடியக்காலமை ஜெட்டி நிறைய ஆட்கள், கழுத்தில் கமெரா, கையில் தொப்பி. மூன்று படகும் எஞ்சினை உறுமவிட்டபடி நின்றன. பேர்களை அடித்து முடித்து அச்சடிக்கிற பொத்தானை அமத்தினேன். 'அந்தப் பேரில் ஃபைல் ஒன்றும் இல்லை' என்றது திரை. என் கண்ணுக்குள் சிவப்பு வந்து நின்றது. அப்போதுதான் விளங்கியது: அக்காவின் கேள்வி வழி, ஏற்கெனவே தெரிந்த ஃபைலில் மாறினதைப் பற்றி மட்டும்தான் கேட்கும். புதிதாய் வந்த ஆளைப் பற்றிக் கேட்கவே கேட்காது. இருபத்துமூன்று ஓம் சொன்ன சுதன் அண்ணையிடம் இருபத்துநாலாவது கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். கண்டி றோட்டில் யானை நின்று பஸ்ஸை மறித்திருந்தது. "அது இறங்கினாத்தான் நான் வரலாம், நீர் சுதனைப் பிடியும்" என்றா. சுதன் அண்ணையின் ஃபோனை அவருடைய அம்மா எடுத்தா. "அவன் கரைவலை இழுக்கப் போயிட்டான் மகன். ஃபைல் காணேல்லை எண்டு சொல்லி, ஃபோனையும் குடுத்து ஆள் அனுப்புறன், வையுங்கோ." நானா கிழக்கைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். காற்று எழும்பினால் பிறகு ஒன்றும் காண ஏலாது. கடைசியாய் என்னைப் பார்த்தார். "தம்பி, திமிங்கிலம் உங்கட ஃபைலுக்காக எல்லாம் காத்துக்கிட்டு நிக்காது."

வாசிப்பு

வேறு வழியில்லை. நானாவிடம் ஒரு கொப்பி வாங்கி, திரையிலிருந்த பேர்களை மூன்று பக்கத்தில், படகுக்கு ஒரு பக்கமாய், கையால் எழுதினேன். நானாவின் ஜெட்டியில் ஒரு வழக்கம் இருக்கிறது. கும்பலாய் ஏறக்கூடாது. பேர் வாசிக்க வேண்டும், ஆள் பதில் சொல்ல வேண்டும், பிறகுதான் கால் வைக்கலாம். வழக்கமாய் அவரே வாசிப்பார். அன்றைக்குக் கொப்பியில் இருந்த என் கையெழுத்து என்னைத் தவிர ஒருவருக்கும் விளங்கவில்லை.

வாசித்தேன். ஒருவரும் திரும்பவில்லை. காகங்கள்கூட என்னை விடச் சத்தம். "தம்பி, நீங்க அந்த ஆளுக்கிட்டயா சொல்ற, கொப்பிக்கிட்டயா?" என்றார் நானா. மூச்சை இழுத்துக் கத்தினேன். எனக்கே என் குரல் புதிதாய் இருந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா சிரித்துக்கொண்டு கை தூக்கினா. அப்படியே முதல் படகு நிறைந்து போனது. இரண்டாவதில் எல்லோரும் ஏறிய பிறகு, நான் பேர் வாசிக்காத ஒரு மனிதர் முன்வரிசையில் இருந்து கமெராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் படகு ஆள். அவருடைய மனுசி கரையில் அவரைத் தேடிக்கொண்டு நிற்கிறா. இறக்கி அங்கே அனுப்பினோம்.

மூன்றாம் படகுக்கு வாசிக்கத் தொடங்க, ஃபோன் அடித்தது. சுதன் அண்ணை, மூச்சு வாங்க, பின்னால் அலைச் சத்தத்தோடு: "எந்த ஃபைலடா?" அன்றைக்கு என் தொண்டை திறந்தபடியே இருந்தது. "பிரின்ட் லிஸ்ட்! பிரின்ட் லிஸ்ட்!" என்று ஜெட்டி அதிரக் கத்தினேன். வரிசையில் நின்ற பயணிகள் அந்தப் பேருக்குரிய ஆள் யார் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுதன் அண்ணை வீட்டுக்கு ஓடி, ஈரக்கையோடு லப்டொப்பைத் திறந்து, அந்த ஒரு ஃபைலைப் பேர் சொல்லிச் சேர்த்து அனுப்பினார். நான் இறக்கினேன். மூன்றாம் படகின் பட்டியல் பச்சை நிறத்தில் அழகாய் அச்சடித்து வந்தது. நானா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் என்னிடம் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, அந்த பிரின்ட் லிஸ்ட் எண்டவர் எந்த போட்ல ஏறின?"

தீர்ப்பு

அக்கா ஓட்டோவில் வந்து இறங்கியபோது மூன்று படகும் தூரத்தில் மூன்று புள்ளி. நேரே நானாவிடம் போனா. பஸ்ஸில் இருந்தபடி பாடமாக்கிய மன்னிப்பு முகத்திலேயே தெரிந்தது. "சுதனில பிழையில்லை நானா, அந்த வழியைச் சொல்லிக் குடுத்தது நான்" என்று தொடங்கினா. நான் கொப்பியைப் பிடித்துக்கொண்டு, என் கதிரை மடிபடுகிற சத்தத்தைக் காதில் கேட்டபடி நின்றேன்.

நானா கையைக் காட்டி நிற்பாட்டினார். மூன்றில் இரண்டு பட்டியல் கையெழுத்தில் போனது, அதை அவர் மறக்கவில்லை; விரலை மடித்துச் சொல்லிக் காட்டினார். பிறகு சொன்னார்: "ஆனா ஒரு போட்டும் நிக்கல்ல. கொழும்புக்காரன் எண்டா இந்நேரம் ஃபோன்ல இருந்து சொறி சொல்லிக்கிட்டு இருப்பான். நான் எங்கயும் போகல்ல பிள்ள. ஒரு கதை மட்டும்: இனி உங்கட ஒஃபிஸ்ல புதுசா எது ஏறினாலும், இந்தத் தம்பி பேர் வாசிச்சாத்தான் ஏறணும். சத்தமா."

இப்போது

நானா பகிடிக்குச் சொன்னார் என்று நினைத்தோம். அக்கா அதைப் பகிடியாய் எடுக்கவில்லை. முதல் வேலையாய், கிட் ஒருபோதும் பார்க்கவே வேண்டாத ஃபைல்களுக்கு ஒரு தனிப் பட்டியல் எழுதினா. சாப்பாட்டு ஃபைல், கடைசிக்குக் கடைசி, எல்லாக் குப்பையும் அதற்குள். அதற்குப் பிறகு சிவப்பு என்று ஒரு வரி வந்தால் அது உண்மையாகவே கரையில் நிற்கிற ஆள். சுவரில் இருந்த தடையையும் கழற்றி, 'முதலில் பார், பிறகு புள்ளி வை' என்று மாற்றி ஒட்டினா. பார்த்த பிறகு வைத்தால் புள்ளியிலும் குற்றமில்லை என்பது தீர்மானம்.

பின்னேரம் வேலை முடிய நான் எழும்பி நின்று சிவப்பு வரிகளை வாசிப்பேன். செய்தவர் 'ஓம், ஏத்து' என்றால் ஏறும். சொந்தக்காரர் இல்லாதது ஏறாது. கீழே வலைக்கடையில் வேலை செய்கிறவர்களுக்கும் இப்போது எங்கள் ஃபைல்களின் பேர் பாடம். போன கிழமை ஒரு நாள் சிவப்பாய் ஒன்றுமே இல்லை, அதனால் நான் எழும்பவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போன சுதன் அண்ணை திரும்பி வந்து, என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார்: "என்னடா, இண்டைக்கு வாசிக்கேல்லையே? வாசி, நான் பஸ்ஸுக்குப் போகோணும்."

ஆகவே, என்னைப்போல் அடிபட்ட சகோதரங்களே, இவ்வளவு காலத்தில் நான் கண்டது, ஒரு புது ஃபைலைக் கிட்டுக்குச் சொல்ல அரை வரி போதும், சுதன் அண்ணைக்குச் சொல்ல ஒரு ஜெட்டியும் மூன்று படகும் வேண்டும்.